வளையத்துக்குள்ளே யார்? டி.பி.யா, நாடாப்புழுவா?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல தினமும் ஏறி இறங்குற நமக்கு அந்தப் பேர் வெறும் ஸ்டாப்பிங்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். 1937-ல் அதை அரசு எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் பேர் அப்படி வந்ததுதான். டி.பி. என்றாலே நமக்கு இருமலும் நுரையீரலும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கிருமி மூளைக்கும் போகும். போனால், சில சமயம் அங்கே ஒரு சின்னக் கட்டியாக உட்கார்ந்துவிடும். அதற்கு டியூபர்குலோமா என்று பெயர்.

பிரச்சினை என்னன்னா, கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் இன்னொரு ஆளும் மூளையில் வந்து உட்காருவார்: பன்றி நாடாப்புழுவின் லார்வா. இரண்டுக்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் ஃபிட்ஸ்தான். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தால் இரண்டுமே வெள்ளை வளையமாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று வரும். அந்த வார்த்தை நோயின் பேரைச் சொல்லவில்லை, படத்தில் தெரிவதை மட்டும்தான் சொல்கிறது.

பேர் தெரிந்தாக வேண்டும், ஏன்னா மருந்து வேற. டி.பி. என்றால் குறைந்தது ஒன்பது மாதம், பல சமயம் ஒரு வருஷத்துக்கும் மேல் நாலு மருந்தில் ஆரம்பிக்கும் கோர்ஸ். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் அவை. ஒரே ஒரு புழுக்கட்டி என்றால் வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, ஒன்றிரண்டு வாரம் ஆல்பெண்டசோல். மாற்றிக் கொடுத்தால் ஒருத்தர் சும்மா ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடுவார்; இன்னொருத்தருக்கு மூளையில் டி.பி. வளர்ந்துகொண்டே இருக்கும்.

(நடுவுல ஒண்ணு. 'நான் சைவம், எனக்கு வராது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் வரும் கட்டிக்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டை. புழு இருக்கும் மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக அது யாருக்கும் வரலாம்.)

இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததில் நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1980-களில் சிடி ஸ்கேன் வந்த புதிதில், ஃபிட்ஸ் வந்தவர்களின் மூளையில் இந்தச் சின்ன வளையத்தைப் பார்த்த இந்திய டாக்டர்கள் பலர் டி.பி. மருந்தை ஆரம்பித்தார்கள். சில மாதத்தில் வளையம் மறைந்துவிடும். 'மருந்து வேலை செஞ்சிருச்சு, அப்போ டி.பி.தான்' என்று முடிவு. ஆனால் வெறும் வலிப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கும் அது மறைந்தது. கன்ட்ரோல் குரூப் இல்லாமல் முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளையே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே பெரும்பாலும் இருந்தது நாடாப்புழு லார்வா. 1989-ல் லான்செட் இதழிலும் 1991-ல் விரிவாகவும் வெளியிட்டார்கள். பிறகு, மண்டையைத் திறக்காமலே முடிவு செய்ய விதிகள் வகுத்து, 1997-ல் அவை சரிவருகிறதா என்று சோதித்த முடிவுகளையும் வெளியிட்டார்கள். ஒரே கட்டி, 20 மி.மீ.க்குக் கீழே, மூளையின் நடுக்கோடு நகரும் அளவுக்கு வீக்கம் இல்லை, நரம்புக் குறைபாடு நாளுக்கு நாள் கூடவில்லை, உடம்பில் வேறு எங்கும் டி.பி. மாதிரி நோய் இல்லை என்றால் அது புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இவ்வளவும் சிடி ஸ்கேனையும் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளையும் வைத்து.

விதிக்குள் அடங்காத கேஸ்கள் வரும்போதுதான் அட்வான்ஸ்டு எம்.ஆர்.ஐ. உள்ளே வருகிறது. அதில் எனக்குப் பிடித்தது ஸ்பெக்ட்ரோஸ்கோபி, காரணம் அது நம்ம சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர் மாதிரியே இருக்கு.

1.5 டெஸ்லா மெஷினில் ஹைட்ரஜன் அணுக்கரு சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் பாடும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இடத்துக்கு இடம் காந்தப்புலத்தை வேண்டுமென்றே மாற்றுவார்கள். அதனால் ஃப்ரீக்வென்சி என்றால் இடம். ஃபூரியர் டிரான்ஸ்பார்ம் போட்டால் படம். ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் முதலில் ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து, சிக்னல் வாங்கும்போது அந்த கிரேடியன்ட்டை அணைத்துவிடுவார்கள். இப்போது ஃப்ரீக்வென்சி என்றால் வேதிப்பொருள். எந்த மூலக்கூறில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஹைட்ரஜனின் ஸ்ருதி கொஞ்சம் மாறும். அதே கணக்கு, வேற அர்த்தம்!

தண்ணீர் 4.7 பி.பி.எம்.-ல் இருக்கும். கொழுப்பு 1.3-ல். 1.5 டெஸ்லாவில் இடைவெளி சுமார் 220 ஹெர்ட்ஸ். டி.பி. கிருமியின் செல் சுவரே கொழுப்பு நிறைந்தது. கட்டியின் நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி செத்துப்போன திசுவிலும் கொழுப்பு அதிகம். ஆக டியூபர்குலோமாவில் 1.3-ல் பெரிய பீக் வரும். புழுவில் 2.4-ல் சக்சினேட், 1.9-ல் அசிட்டேட் வரலாம். லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில் ராகேஷ் குப்தா குழுவினர் 1990-களிலேயே டியூபர்குலோமாவை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? இனிதான் இன்ஜினியரிங்.

முதல் தடை, தண்ணீர். நாம் தேடும் பொருட்களைவிட அதன் அளவு சுமார் பத்தாயிரம் மடங்கு. முதலில் அதை அமுக்க வேண்டும். அடுத்து, அசிட்டேட்டுக்குப் பக்கத்திலேயே 2.0-ல் நல்ல மூளைத்திசுவின் என்.ஏ.ஏ. பீக் நிற்கிறது. வித்தியாசம் 6 ஹெர்ட்ஸ்தான். காந்தப்புலம் அந்தப் பெட்டிக்குள் துளி ஏற்ற இறக்கமாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். 3 டெஸ்லா போனால் 12, 13 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் அங்கே புலத்தைச் சீராக்குவதும் கஷ்டம்.

பெரிய தடை, சைஸ். பெட்டி 2 செ.மீ. கனசதுரம் என்று வையுங்கள், 8 மில்லி. கட்டி 1 செ.மீ. உருண்டை, சுமார் அரை மில்லி. அதாவது சிக்னலில் 93 சதவீதம் பக்கத்துத் திசுவோடது. சரி, பெட்டியை 1 செ.மீ. ஆக்கலாமே? சிக்னல் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆவரேஜிங்கில் சிக்னல்-நாய்ஸ் விகிதம் வர்க்கமூலமாகத்தான் ஏறும், எனவே அதே தரத்துக்கு 64 மடங்கு நேரம். நாலு நிமிஷ ஸ்கேன் நாலே கால் மணி நேரம் ஆகும். அசையாமல் யார் படுப்பார்கள்?

அதைவிட ஆபத்தானது, புழுக்கட்டிகள் பல சமயம் மூளையின் மேற்பரப்புக்கு அருகில் இருப்பது. அங்கே பெட்டியை வைத்தால் தலைத்தோலில் இருக்கும் கொழுப்பின் சிக்னல் உள்ளே கசியும். எந்த இடத்தில்? அதே 1.3-ல்! புழு, டி.பி. வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். சுற்றியுள்ள பகுதியின் சிக்னலை அமுக்க தனி பல்ஸ்கள் உண்டு. அவற்றைச் சரியாக வைக்காமல் எடுத்த ஸ்பெக்ட்ரத்தை நம்பி ஒரு வருஷ மருந்து எழுதுவது நியாயமே இல்லை. போதாததுக்கு, உள்ளே செத்துப்போன திசு உள்ள புற்றுக்கட்டியிலும் 1.3-ல் பீக் வரும்.

அதனால் ரேடியாலஜிஸ்ட் மற்ற சீக்வென்ஸ்களையும் சேர்த்தே பார்ப்பார். மெல்லிய துண்டுகளாக எடுக்கும் 3டி படங்களில், நீர்ப்பைக்குள் ஒரு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை. அப்படித் தெரிந்தால் கேஸ் கிட்டத்தட்ட முடிந்தது. டி.பி. கட்டியின் நடுப்பகுதி டி2 படத்தில் பெரும்பாலும் கருப்பாக இருக்கும். கூடவே மார்பு எக்ஸ்-ரே, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்ற பழைய கேள்விகள்.

அப்படியும் தெரியவில்லை என்றால், சில மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன். சுருங்குகிறதா, வளர்கிறதா என்பதே பாதி பதில். உங்க வீட்டிலோ ஹாஸ்டலிலோ யாருக்காவது இப்படி ரிப்போர்ட் வந்தால், ஃபிலிமோடு ஸ்கேன் சென்டர் கொடுக்கும் சிடியையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.