அம்பாசிடருக்கு என்ஜின் மாற்றுமுன்

பழைய காருக்கு வேறு என்ஜின் பொருத்த ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த என்ஜின் நல்லது என்பதைத்தான். நான் அவர்களுக்குச் சொல்வதோ, அந்த வண்டியின் வம்சத்தை விசாரியுங்கள் என்பது. என்னுடைய மார்க் 2 அம்பாசிடருக்கு இஸுஸு என்ஜின் பொருத்தும் காரியத்தில் இறங்கியபோது எனக்குப் பெருந்துணையாக நின்றது இந்த விசாரணைதான்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உருவத்தைத் தாங்கி 1950களின் இறுதியில் வெளிவந்த அம்பாசிடர், 2014-ல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நிற்கும் வரை, உடற்கூட்டின் அடிப்படையில் பெரிய மாறுதல் எதையும் ஏற்கவில்லை. ஆனால் பழைய 1489 சி.சி. என்ஜின் இருந்த ஸ்தானத்தில் 1817 சி.சி. இஸுஸு என்ஜினை ஐந்து கியர்ப் பெட்டியோடு அமர்த்தி, 75 குதிரைத்திறன் தரும் வண்டியாக 1990களின் தொடக்கத்தில் அதைத் தயாரித்த கம்பெனியே விற்றது. ஆகவே என்ஜின் மவுண்ட், ரேடியேட்டர், கிளட்ச், ஸ்டியரிங் ரேக்கின்மேல் இடிக்காத எண்ணெய்த் தொட்டி ஆகிய யாவும் ஏற்கெனவே யோசித்து வடிவமைக்கப்பட்டவை. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் சிரத்தையோடு தேடினால் கிடைப்பவை. வம்சத்துக்குச் சம்பந்தமில்லாத பெரிய என்ஜினைக் கொண்டுவருகிறவருக்கு இவை ஒவ்வொன்றையும் லேத் பட்டறையில் புதிதாகச் செய்விக்க நேரும். அப்படிச் செய்தவை பழுதானால் மாற்றுச் சாமானுக்கும் மறுபடி அதே பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்பானரைத் தொடுமுன் சட்டத்தைத் தொட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. என்ஜின் மாற்றத்துக்கு இடமுண்டு, ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிவு செய்யவும் வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே நான் என்ஜினுக்கு முன்பணம் கொடுத்தேன். அந்த என்ஜின் எண் குறித்த விற்பனை ரசீது இல்லாமல் எதையும் வாங்கவில்லை. இன்னொரு விஷயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021-ல் வந்த விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, அசல் நிலையிலேயே பராமரிக்கப்படும் வண்டிக்குத்தான் விண்டேஜ் அந்தஸ்து கிடைக்கும். என்ஜினை மாற்றினால் அது போய்விடும். எவர் கையும் படாத அசல் மார்க் 1 ஒன்று உங்களிடம் இருக்குமானால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

அடுத்தது பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்தும் வல்லமையைக் கூட்டுவதே கிரமம். பழைய என்ஜின் இருக்கும்போதே, பிற்கால அம்பாசிடரின் முன் டிஸ்க் பிரேக்கையும் வாக்குவம் பூஸ்டரையும் பொருத்தி, சில மாதம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே என்ஜின் வேலையைத் தொடங்கினேன்.

பொருத்தும் வேலையில் பலரும் அலட்சியம் செய்வது கோணம். கியர்ப் பெட்டியின் முனையும் பின் ஆக்சிலின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலுமுள்ள ஜாயிண்டுகள் ஒன்றின் அதிர்வை மற்றொன்று தணிக்க இயலாமல், குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் நடுங்கும். “என்ஜினை உட்கார வைக்கிறது பெரிசில்ல சார், எப்படி உட்காருதுங்கறதுதான் விஷயம்” என்று சொல்லிக்கொண்டே, எங்கள் மெக்கானிக் ரசமட்டத்தை இரு முனையிலும் மாறி மாறி வைத்து, மவுண்டின் அடியில் மெல்லிய தகடுகளைச் செருகியும் உருவியும் ஒரு மாலை முழுவதும் செலவிட்டார். பானெட் இடிக்குமா என்பதை அறிய ஏர் கிளீனரின் தலையில் களிமண் உருண்டையொன்றை வைத்து, பானெட்டை மெதுவாகச் சாத்தித் திறந்து, நசுங்கி எஞ்சிய மண்ணின் கனத்தை அளந்தோம். எஞ்சிய கனமே இருக்கும் இடைவெளி.

மோரிஸின் தாய்க் கம்பெனியான பி.எம்.சி.யின் பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை உடற்கூட்டோடு இணைந்திருக்கும் வழக்கம் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள இஸுஸுவுக்கு எதிர்முனையே அப்படி இணைய வேண்டும். இதை முதலில் பரிசோதித்து, வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்துவிடுவதே உத்தமம்.

அலங்காரத்திலும் வம்சத்தை விசாரிப்பதே என் கொள்கை. மார்க் 2-வின் கட்டம்போட்ட கிரில்லுக்கும் உருண்ட தோள்களுக்கும் ஒரு தனி லட்சணம் இருக்கிறது. அகன்ற டயரும் தாழ்ந்த உடலும் அதைக் குலைப்பதோடு, பவர் இல்லாத ஸ்டியரிங்கை இரும்பாய்க் கனக்கச் செய்யும், வேகத்தடையில் எண்ணெய்த் தொட்டியையும் உரசவைக்கும். 15 அங்குலச் சக்கரத்தையே வைத்துக்கொண்டேன். பழைய பம்பர்களின் தகடு கனமானதாதலால், கடையில் விற்கும் புதியவற்றை வாங்காமல், அவற்றுக்கே மறுபடி குரோம் முலாம் பூசுவித்தேன். இரு வண்ணம் தீட்ட விரும்புவோர், அவை பிரியும் கோட்டைத் தாமாகக் கற்பிக்காமல், கதவின்மேல் ஓடும் விளிம்பையே எல்லையாகக் கொள்வது நலம். ஹெட்லைட்டின் 7 அங்குல வட்டத்துக்குள்ளேயே ஹாலஜன் விளக்குப் பொருந்தும். பழைய சுவிட்சு கருகாதிருக்க ரிலே அவசியம்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தந்தது ஹேண்ட் கியரை இழந்ததுதான். கியர் தரைக்கு வந்ததும், முன்னே மூவர் நெருங்கி அமர்ந்து பேசிக்கொண்டே பிரயாணம் செய்த அந்த நீள இருக்கையின் நடு இடம் பறிபோயிற்று. ஆயினும் இருக்கையை அறுக்கவில்லை. உடற்கூட்டிலும் தரையில் கியருக்கு வேண்டிய துவாரம் தவிர வேறெதையும் வெட்டவில்லை. கழற்றிய என்ஜினுக்குள் எண்ணெய் ஊற்றி, துவாரங்களை அடைத்து, கியர்ப் பெட்டியோடும் ஹேண்ட் கியர்த் தண்டோடும் மரச்சட்டத்தின்மேல் ஏற்றி, எந்தப் போல்ட் எதனுடையது என்று சீட்டுக் கட்டி ஷெட்டில் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இந்த வண்டிக்கு உடையவர் விரும்பினால், அசல் நிலைக்கு வண்டியைத் திருப்ப அவருக்கு எதுவும் குறையாது.