மேசை நகர்ந்தது சரி, நகர்த்தியது யார்?

ஆவிகளோடு பேசுவது ஒரு துருவம், உளவியல் மறு துருவம் என்று நினைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

நம்பிக்கை: ஆவியை அழைத்துக் கை வைத்ததும் மேசை நகர்ந்தால் ஆவி வந்திருக்க வேண்டும், இல்லையேல் யாரோ ஏமாற்றுகிறார்கள்.

உண்மை: இரண்டும் இல்லாமலே மேசை நகரும். 1853இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, மேசைமேல் நழுவக்கூடிய அட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் கை வைக்கச் சொன்னார். முதலில் நகர்ந்தது மேலட்டைதான். அதாவது, கைதான் மேசையைத் தள்ளியது. தள்ளியவருக்கே அது தெரியவில்லை. கை தள்ளுவதைக் காட்டும் ஒரு முள்ளைக் கண்ணெதிரே வைத்ததும் மேசை நின்றுவிட்டது. கல்லூரி விடுதியில் ஆவியை அழைக்கக் கவிழ்த்த டம்ளர் ஓடுவதும் இப்படித்தான்.

நம்பிக்கை: அக்கால உளவியலாளர்கள் இதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உண்மை: 1877இல், ஆவிகளோடு பேசும் ‘மீடியம்’ என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கர் ஹென்றி ஸ்லேட் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஆவிகளை அழைத்தபோது, பார்த்தவர்களில் வில்ஹெல்ம் வுண்ட்டும் ஒருவர். 1879இல் அதே நகரில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய அவர், அவ்வாண்டே ஆவிக்கொள்கையைச் சாடி எழுதினார். அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸோ, பாஸ்டன் மீடியம் லியோனோரா பைப்பரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவரிடம் ஏதோ இருக்கிறது என்றே நம்பினார்.

நம்பிக்கை: ஆவி ஆராய்ச்சியால் அறிவியலுக்குப் பயனில்லை.

உண்மை: 1884இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரின் அற்புதங்களை விசாரித்தவர் ஆவி ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு ஹாட்ஜ்சன். 1887இல் அவரும் எஸ்.ஜே. டேவியும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டேவி வெறும் கைவித்தையால் சிலேட்டில் ‘ஆவி எழுத்து’ வரவழைப்பார். பார்த்தவர்கள் கண்டதை எழுதித் தருவார்கள். நடந்தவை பல அதில் விடுபட்டிருந்தன. நடக்காதவை நடந்ததாகப் பதிவாகியிருந்தன. நேரில் கண்ட சாட்சியும் தவறலாம் என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்று.

நம்பிக்கை: தொலைவிலுணர்தல் ஆய்வகத்தில் நிரூபணமாகிவிட்டது.

உண்மை: டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் 5 குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து ஊகிக்கச் செய்தார். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாகும். அதைவிட அதிகம் கிடைத்ததாக 1934இல் அவர் அறிவித்தார். கட்டுப்பாட்டை இறுக்கிச் செய்த மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், வருங்காலத்தை மனம் முன்கூட்டியே உணர்வதாக 9 சோதனைகளை மதிப்புமிக்க உளவியல் இதழில் வெளியிட்டார். மறுவருடம் மூவர் அவற்றுள் ஒன்றைத் திரும்பச் செய்தபோது எதுவும் தேறவில்லை. சங்கடம் அதற்குப் பிறகுதான். பெம் கையாண்ட முறைகள் அன்றைய உளவியலில் பலரும் கையாண்டவை. அவை இல்லாததை இருப்பதாகக் காட்டுமென்றால், மற்ற முடிவுகளை எப்படி நம்புவது? சோதனைக்கு முன்பே திட்டத்தைப் பதிவுசெய்யும் வழக்கம் உளவியலில் வேரூன்றியதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.