தாம்பரம் தம்பி தங்கைகளுக்கு: கட்டற்ற மென்பொருளில் கால் வைக்கும்முன்

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தைத் தினமும் மின்சார ரயிலில் கடந்து போகிறீர்கள். அங்கே இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்துதான் 2005-இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007-இல் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை. சேலையூரிலும் முடிச்சூரிலும் நன்றாக ஓடும் கணினிகள் பரணுக்குப் போகின்றன. அவற்றை இறக்கி லினக்ஸ் போடுங்கள். தொடங்கும்முன் இவற்றை மனதில் வையுங்கள்.

1. முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள், இயங்குதளம் பிறகு. இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரெஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், வி.எல்.சி., கிம்ப் ஆகியவற்றைப் போட்டு ஒரு மாதம் புழங்குங்கள். கை பழகியபின் லினக்ஸுக்குப் போனால் அங்கும் இவையே இருக்கும். பயம் பாதி குறைந்துவிடும். எல்லாவற்றையும் அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

2. தமிழை முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள். டிடிபி கடைகளில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவே முடியாதபடி தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகக் கிடைக்கிறது. இரண்டு வாரம் பொறுமையாகப் பழகுங்கள்.

3. பழைய கணினிக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு எஸ்.எஸ்.டி. வட்டு. அடுத்தது ரேம், 4 ஜி.பி. இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும், 8 இருந்தால் நிம்மதி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விசைப்பலகையோ மானிட்டரோ மலிவாகக் கிடைத்தால் போட்டுப் பார்த்து வாங்கலாம். வட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உங்கள் உழைப்பெல்லாம் அதில்தான் இருக்கப் போகிறது.

4. நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் வட்டை அது தொடாது. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். சில லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் கிடைப்பது கடினம். அதை நிறுவும்முன் தெரிந்துகொள்வது நல்லது.

5. நிறுவும் நாளுக்கு முன்பே கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். அப்பாவின் ஓய்வூதிய ஆவணம், அக்காவின் கல்யாணப் படங்கள், எல்லாம். ‘வட்டை முழுதும் அழித்து நிறுவு’ என்ற தெரிவு திரையில் வரும்போது இரண்டு முறை படியுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் மழை நாளில் மேசைக் கணினியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

6. விளையாடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வீட்டுப் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்பிரியும் டக்ஸ் பெயின்டும் போதும். டக்ஸ் பெயின்டில் தமிழும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்ட சூப்பர்டக்ஸ்கார்ட். வரலாற்றில் ஆசை இருந்தால் ஜீரோ ஏ.டி.; அதில் மௌரியர்களாக யானைப்படை நடத்தலாம்.

ஓப்பன்டிடிடி தனியாகச் சொல்ல வேண்டிய ஆட்டம். 2004-இல் தொடங்கிய திட்டம் அது. ரயில் பாதை போட்டு, சிக்னல் வைத்து, ஊர்களை இணைக்க வேண்டும். ஒரே தடத்தில் எல்லா ஊரிலும் நிற்கும் வண்டியையும் நிற்காத வண்டியையும் விட்டுப் பாருங்கள், சிக்கிக்கொள்ளும். தாம்பரத்தில் புறநகர் ரயிலுக்கும் விரைவு ரயிலுக்கும் ஏன் தனித்தனித் தடம் என்பது அப்போது விளங்கும்.

இன்னொரு படி மேலே போக வெஸ்நாத் என்ற போர்த் தந்திர ஆட்டம். அதன் ஒவ்வொரு வீரனின் வலிமையும் விலையும் சாதாரண உரைக் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு ஓர் எண்ணை மாற்றுங்கள், ஆட்டம் மாறும். நிரல் என்றால் என்ன என்று அந்த நொடியில் பிடிபடுவதைப் பாடப்புத்தகம் அவ்வளவு சீக்கிரம் தராது.

சதுரங்கம் ஆடும் பிள்ளைகளுக்கு ஸ்டாக்ஃபிஷ். 2008 முதல் வளரும் இந்த எஞ்சின் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு நாடுவது. அதே எஞ்சின் உங்கள் பழைய கணினியிலும் காசில்லாமல் ஓடும். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது அதைப் பார்த்து ஆடத் தொடங்கிய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு இந்த எஞ்சினைக் கொண்டு சேருங்கள்.

7. ‘கிராக்’ செய்த மென்பொருளைத் தொடாதீர்கள். நண்பன் பென் டிரைவில் கொடுத்தாலும் வேண்டாம். வைரஸ் ஒரு காரணம். பிறர் உழைப்பு இன்னொரு காரணம். அவற்றுக்குப் பதில் வரைய கிரிட்டா, இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், டிப்ளமோ படிப்பவர்களுக்கு லிப்ரெகேட், 2024-இல் 1.0 பதிப்பைத் தொட்ட ஃப்ரீகேட் எல்லாம் இருக்கின்றன.

8. எல்லாம் இதில் நடக்கும் என்று யாரிடமும் வாதாடாதீர்கள். வேலொரன்ட் விளையாட்டு லினக்ஸில் ஓடாது. கல்லூரி ஆட்டோகேட்தான் வேண்டும் என்றால் அதைத்தான் கற்க வேண்டும். இடம் இருந்தால் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. கேள்வியை முழுதாகக் கேளுங்கள். “வேலை செய்யல அண்ணா” என்பதை வைத்து யாராலும் உதவ முடியாது. என்ன கணினி, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், திரையில் வந்த பிழைச்செய்தி எழுத்துப் பிசகாமல் என்ன, இவ்வளவும் சொல்லுங்கள். கேட்க இடமும் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது, ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகள் மாதக் கூட்டம் நடத்தியது. தமிழிலேயே படிக்க 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது. படித்துவிட்டுக் கேட்பவருக்குப் பதில் சொல்ல எல்லோருக்கும் மனம் வரும்.

10. வாங்கியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. பிழை கண்டால் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கணினிக்கு லினக்ஸ் போட்டுத் தாருங்கள். அவர் கேள்வி கேட்க வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் சோதனைக்கு உங்கள் கணினியின் ஓய்வு நேரத்தையே கடன் கொடுக்கலாம்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை காத்திருக்கிறது. இந்த மென்பொருள்களின் தமிழ் இடைமுகத்தைத் திறந்தால் மொழிபெயர்க்காத வரிகளும் தவறான வரிகளும் கண்ணில் படும். லிப்ரெஆபீஸின் தமிழ் வரிகளை வெப்லேட் என்ற தளத்தில் யாரும் திருத்தித் தரலாம். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் தாம்பரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். இந்த விடுமுறைக்குள் ஆளுக்குப் பத்து வரி செய்து கொடுங்கள்.