தலைக்காயமும் உடலின் பின்விளைவுகளும்

தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் தவறி விழுவதாலும், சாலை விபத்துகளாலும் மூளையில் அடிபடுதல் நம் நாஞ்சில் நாட்டிற்குப் புதிதன்று. ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அழைத்தால் 108 ஊர்தி வருகிறது. ஆதலால் பிழைத்து வீடு திரும்புவோர் பலர். ஆயின், அதன்பின் அவர்களைப் பெரிதும் வருத்துபவை உடலில் தோன்றும் பின்விளைவுகளே. வீட்டார் அறிந்திருப்பின் அவற்றுட் பல தடுக்கத்தக்கவை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. படுக்கைப்புண்: அசையாத உடலில், அழுந்திய இடத்திற்குக் குருதி செல்வதில்லை. 2 மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். இடுப்பு, குதிகால், பின்தலை ஆகியவற்றை நாள்தோறும் நோக்குக. மாறாத சிவப்புத் தோன்றின் அதுவே புண்ணின் தொடக்கம்.

2. புரையேறுதல்: விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பின் கஞ்சி நுரையீரலுள் சென்று சளிக்காய்ச்சலை உண்டாக்கும். நிமிர்த்தி அமர்த்தியே ஊட்டுக. ஊட்டியபின் அரைமணி நேரம் படுக்கவிடற்க. நீர்த்த உணவினும் சற்றுக் கெட்டியான உணவு பலருக்குப் பாதுகாப்பானது. எது தகும் என்பதை மருத்துவரே கூறவேண்டும்.

3. மூட்டு இறுக்கம்: கைகால் மூட்டுகளை நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டுக. வலிந்து இழுத்தல் தீங்கு. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும்.

4. குருதி உறைதல்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து உருவுதல் நம் பக்கத்து வழக்கம். இங்கு அது கூடாது. உறைந்த குருதி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்க.

5. வலிப்பு: அடிபட்டுப் பல மாதங்கள் கழிந்தும் வரக்கூடும். ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதனையும் திணிக்கலாகாது. 5 நிமிடம் கடந்தும் நில்லாவிடின் 108-ஐ அழைக்கவும். மாத்திரையைத் தாமாக நிறுத்தற்க.

இப்பணி முழுவதும் பெரும்பாலும் வீட்டில் ஒரே பெண்ணின் மீது விழக் காண்கிறோம். இரவில் 2 மணிக்கொருமுறை எழுபவர் பகலிலும் ஓய்வின்றி உழைத்தால் அவரே நோயாளியாவார். ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் முறைவைத்துப் பகிர்தல் கடமை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. கிராமச் செவிலியரிடம் கேட்டறிக.

பயிற்சி: வீட்டார் அனைவரும் கூடி இவற்றிற்கு விடை கூறுக.

அ. எத்தனை மணிக்கொருமுறை பக்கம் மாற்றவேண்டும்?
ஆ. வீங்கிய காலை ஏன் உருவலாகாது?
இ. இன்றிரவு எழுபவர் யார்?