டால்டன் வேறு, கிராம் வேறு

தனிம அட்டவணையில் கார்பனுக்கு எதிரே 12 என்று கண்டவுடன், ஒரு கார்பன் அணுவின் நிறை 12 கிராம் என்று எழுதிவிடும் வழக்கம், எத்தனை முறை திருத்தினாலும் மாணவர்களிடையே தலைதூக்கிக்கொண்டே இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தால் அலகு எதுவானாலும் சரி என்னும் இந்த நம்பிக்கை அடியோடு தவறானது.

கார்பன்-12 அணு ஒன்றின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கே டால்டன் எனப்படும் அணு நிறை அலகு, அது 1.66054 × 10⁻²⁴ கிராமுக்குச் சமம். 12 டால்டன் என்பது ஒரே ஓர் அணுவின் நிறை. 12 கிராம் என்பதோ ஒரு மோல், அதாவது ஏறத்தாழ 6.022 × 10²³ அணுக்கள் சேர்ந்த நிறை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாகச் சமூக நலப்பணி ஆற்றிவரும் கணியம்பாடி ஒன்றியத்தில், கர்ப்பிணியின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாலே இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்பது விளங்கிவிடும். இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 64,500 டால்டன். அதைக் கிராம் என்று கொண்டால் ஒரு மூலக்கூறே 64.5 கிலோ, அதாவது வளர்ந்த ஓர் ஆளின் எடை இருக்க வேண்டும். உண்மையில் அது 1.07 × 10⁻¹⁹ கிராம். ஆகவே ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராம் என்று சீட்டில் இருந்தால், அந்த 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 10²⁰ மூலக்கூறுகள் உள்ளன என்று பொருள்.

பிற தவறுகளுக்குச் சுருக்கமான விடையே போதும். அணு நிறைக்கு அடிப்படை ஹைட்ரஜன் அன்று. 1961 முதல் கார்பன்-12 தான் அடிப்படை, ஹைட்ரஜனின் நிறை 1.008 டால்டன். அவகாட்ரோ எண் 2019இல் நிலையாக வரையறுக்கப்பட்ட பின்னும் டால்டன் கார்பன்-12ஐயே சார்ந்திருக்கிறது. அதனால் ஒரு மோல் கார்பன்-12இன் நிறைக்கும் 12 கிராமுக்கும் இடையே எழும் வேறுபாடு பள்ளிக் கணக்கைத் தொடாத அளவுக்கு நுண்ணியது. கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்க, 500 பெரிது என்று எண்ணுவது பிழை; 500 மைக்ரோகிராம் அரை மில்லிகிராம்தான், எனவே இரும்பே 120 மடங்கு அதிகம்.

அலகை இறுதி வரியில் மட்டும் ஒட்டவைக்கும் பழக்கமே இத்தனைக்கும் வேர். ஒவ்வொரு படியிலும் எண்ணோடு அலகையும் எழுதச் செய்வதும், அலகில்லாத விடையை முழுமையற்றதாகவே மதிப்பிடுவதும் ஆசிரியரின் கடமை. ஏனெனில் இன்று அலகைப் புறக்கணிக்கும் மாணவரே நாளை மருந்தளவைக் கணக்கிடும் செவிலியராக நிற்கக்கூடும்.