பங்கோர் செல்வோர் காண வேண்டிய செங்கல் சுவர்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல நாம் விரும்புகிறோம். பேருந்து அமர்த்தி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, லூமுட் துறையில் படகேறிப் பங்கோர் தீவை அடைகிறோம். பாசிர் போகாக்கில் குளித்து, நெத்திலியும் கருவாடும் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகிறோம். அத்தீவும் எதிர்க்கரையும் ஒரு காலத்தில் பேராக்கிலிருந்து துண்டிக்கப்பட்டு, டிண்டிங்ஸ் என்னும் பெயரில் அந்நியர் கையில் இருந்தன. அதன் அடையாளங்களை இம்முறை பார்த்துவிட்டு வருவோம்.

பங்கோர் பட்டினத்திற்குத் தெற்கே தெலுக் கெடோங்கில் செங்கல் கோட்டை ஒன்று கூரையின்றி நிற்கிறது. பேராக்கின் ஈயத்தைப் பிறர் வாங்காமல் தாமே வாங்க வேண்டும் என்பதற்காக டச்சுக்காரர் 1670-இல் இங்கே காவல் அமைத்தனர். மண் நம்முடையது, ஈயம் நம்முடையது. விலையோ வந்தவர் வைத்தது. உள்ளூர் மக்கள் இதைப் பொறுப்பார்களா?

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1689-இல் இங்கே வந்தார். டச்சு அதிகாரி தம் இல்லத்தில் அவருக்கும் உடன் வந்தோருக்கும் விருந்து வைத்தார். உண்ண அமர்ந்த வேளையில் ஒரு சிப்பாய், "மலாய்க்காரர்!" என்று கூவினான். அதிகாரி ஒரு சொல்லும் பேசாமல் சன்னல் வழியே குதித்துக் கோட்டைக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னே ஓடினர். பீரங்கி முழங்கியது, எவரும் வரவில்லை. இதனை டாம்பியரே எழுதி வைத்துள்ளார். சிரிப்புத்தான் வருகிறது. ஆயினும் அவர்கள் அஞ்சியது வீணன்று. மறு ஆண்டே, 1690-இல், கோட்டை தாக்கப்பட்டது. 1743-இல் திரும்பி வந்த டச்சுக்காரர் 1748-இல் அடியோடு வெளியேறினர். இன்று நாம் காணும் சுவர்கள் 1973-இல் சீரமைக்கப்பட்டவை.

சற்றுத் தொலைவில் ஒரு பெரும் பாறை உண்டு. புலியொன்று குழந்தையைக் கவ்வுவது போன்ற உருவமும் 1743 என்ற ஆண்டும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. டச்சுக் குழந்தையைப் புலி கொண்டுபோனது என்பர் சிலர்; மனிதர் கடத்தியதையே அவ்வாறு செதுக்கினர் என்பர் வேறு சிலர்.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் கடலில் நின்ற கப்பலில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ராஜா அப்துல்லா பேராக் சுல்தானாக ஏற்கப்பட்டார். ஈடாக, மலாய்ச் சமயமும் வழக்கமும் தவிர எல்லாவற்றிலும் ஆங்கில ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியதாயிற்று. ஆலோசனை என்பது பெயர்தான், அது கட்டளையே. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார்.

அதே உடன்படிக்கையால் தீவோடு எதிர்க்கரை நிலமும் நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்தது. எதிர்பார்த்த வாணிகம் வளரவில்லை. 1935-இல் அது பேராக்கிடம் திரும்பியது. இன்று அப்பகுதி மஞ்சோங் மாவட்டத்தில் அடங்கும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ரெசிடெண்ட் ஆட்சி வந்த பின்னரே, 1877-இல், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. சாலையும் இரயிலும் வந்தன; தோட்டங்கள் எழுந்தன; நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். நாம் பால் வெட்டும் மரத்தின் கதைக்கும் பங்கோர் கடலில் நின்ற அக்கப்பலுக்கும் தொடர்புண்டு.

தீவில் சுங்கை பினாங் கெச்சிலில் பத்திரகாளியம்மன் கோயில் உள்ளது. மாசி மகத்தன்று கூட்டம் மிகுதி. அந்நாளில் செல்வோர் படகுக்குக் காத்திருக்க நேரிடும். கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கூரையில்லாத இடத்தில் நண்பகல் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. கடலாட்டம் அதன் பிறகு.