கூப்பனும் மனச்சாட்சியும்

மனிதனின் நேர்மை பெரிய சோதனைகளில் மட்டும் வெளிப்படுவதில்லை. யாரும் கவனிக்காத சிறு செயல்களில்தான் அது நாள்தோறும் உரைத்துப் பார்க்கப்படுகிறது. கடையில் தள்ளுபடிக் கூப்பனைப் பயன்படுத்துவதும் அத்தகைய சிறு செயல்களில் ஒன்று.

நாளிதழிலிருந்து கத்தரித்தெடுக்கும் துண்டுக் காகிதமாக இருந்த கூப்பன், இன்று கைபேசியில் சில எழுத்துகளாகவும் எண்களாகவும் வருகிறது. வடிவம் மாறினாலும் உட்பொருள் மாறவில்லை. இன்ன நிபந்தனைக்கு உட்பட்டால் இவ்வளவு விலை குறைக்கப்படும் என்று விற்பவர் அளிக்கும் வாக்கே கூப்பன். அதை ஏற்பவர் நிபந்தனையையும் சேர்த்தே ஏற்கிறார். சலுகையை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவது முறையாகாது.

இலவசத் தட்டின் விலை

‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மனம் மகிழ்கிறது. அந்த இலவசத்திற்கு யார் பணம் தருகிறார் என்று அது கேட்பதில்லை. தலைநகர் தில்லியில் 2019-ஆம் ஆண்டு இக்கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது.

‘ஜொமாட்டோ கோல்டு’ என்ற உறுப்பினர் திட்டம் 2017-இல் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவருக்கு, ஓர் உணவு வாங்கினால் மற்றோர் உணவு இலவசமாகக் கிடைத்தது. 2019 ஆகஸ்டில் தில்லியை அடுத்த குருகிராமில் தொடங்கி, ஏராளமான உணவகங்கள் இத்தகைய தள்ளுபடித் திட்டங்களிலிருந்து விலகின. இந்தியத் தேசிய உணவகச் சங்கம் அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியது. இலவசத் தட்டின் செலவு தங்கள் மீதே விழுகிறது என்பதும், ஒரே மேசையில் அமர்ந்த பலர் தனித்தனியே சலுகை பெறுகின்றனர் என்பதும் உணவகத்தாரின் முறையீடு. பின்னர், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு முறை, ஒரு மேசைக்கு இரண்டு முறை என்று அத்திட்டத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது.

இதில் வாடிக்கையாளரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமன்று. உணவகங்கள் தாமாகவே அதில் சேர்ந்தன. உறுப்பினர்களும் விதிக்குள்தான் நடந்தனர். எனினும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. விதி தடுக்கவில்லை என்பது வேறு, நியாயம் அனுமதிக்கிறது என்பது வேறு. தானே வரம்பு வகுத்துக்கொள்பவருக்கு வெளியிலிருந்து வரம்பு தேவைப்படுவதில்லை.

பசியின் கூப்பன்

அடுத்த ஆண்டே அதே தில்லியில் கூப்பன் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் பிறந்தது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வேலை நின்றதால் கூலியும் நின்றது. பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலரிடம் தில்லியின் ரேஷன் அட்டை இல்லை. அத்தகையோருக்காகத் தில்லி அரசு இ-கூப்பன் முறையைக் கொண்டுவந்தது. ஆளுக்கு 4 கிலோ கோதுமை, 1 கிலோ அரிசி. குறிப்பிட்ட அரசுப் பள்ளிகளில் கூப்பனைக் காட்டித் தானியம் பெற வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கக் கைபேசி தேவைப்பட்டது. அதுவும் இல்லாத ஏழைகள் அதிலும் பின்தங்கினர்.

கையிருப்பு அளவோடு இருக்கும்போது, தேவையற்றவர் பெறும் ஒவ்வொரு கூப்பனும் தேவையுள்ள ஒருவரின் பங்காகிறது. வீட்டில் அரிசி நிறைந்திருக்க, ‘கிடைப்பதை ஏன் விடவேண்டும்?’ என்று ஒருவர் விண்ணப்பித்தால் அவரைத் தேடி எவரும் வரப்போவதில்லை. ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கும் தாய் வெறும் பையுடன் திரும்பக்கூடும். தன் முறையை விட்டுக்கொடுத்தவரின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவருடைய மனச்சாட்சி ஒன்றே அதற்குச் சாட்சி.

நம்பிக்கையின் கூப்பன்

விண்ணப்பமும் சரிபார்ப்பும் இல்லாமல், நம்பிக்கையை மட்டுமே அடித்தளமாகக் கொண்டு கூப்பன் வழங்க முடியுமா? கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் 2015-இல் அதைச் செய்து காட்டியது. ‘ஆபரேஷன் சுலைமானி’ என்ற அத்திட்டத்தில், பசித்தவர் கிராம அலுவலகம் போன்ற இடங்களில் கூப்பன் பெற்று, பங்கேற்கும் உணவகத்தில் உண்ணலாம். ஏழை என்பதற்குச் சான்று கேட்கப்படவில்லை. உணவகங்களில் வைத்த உண்டியல்களில் பொதுமக்கள் இட்ட பணமே அச்செலவை ஈடுசெய்தது. பசித்தவர் கையேந்தாமல், மற்றவர்களைப் போலவே மேசையில் அமர்ந்து உண்டார். இத்தகைய திட்டத்தைப் பொய்யர் சிலரே அழித்துவிட முடியும். மெய்யர் பலர் இருந்தால்தான் அது நிலைக்கும்.

நாள்தோறும் பழக வேண்டியவை

முதலாவது, நிபந்தனையை மதித்தல். ‘முதன்முறை வாங்குவோருக்கு மட்டும்’ என்ற சலுகையை வேறொரு கைபேசி எண்ணின் மூலம் மீண்டும் பெறுவது சிறு பொய்தான். ஆயினும் அது பொய்யே.

இரண்டாவது, தேவையை அளத்தல். 500 ரூபாய்ப் பொருள் தேவைப்படும் ஒருவர், 1,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் தள்ளுபடி என்ற கூப்பனுக்காக 800 ரூபாய் செலுத்துகிறார். அவர் 200 ரூபாய் சேமிக்கவில்லை. 300 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார்.

மூன்றாவது, பிழையைச் சொல்லுதல். கூப்பன் தவறுதலாக இருமுறை கழிக்கப்பட்டிருந்தால் அதை உடனே எடுத்துரைக்க வேண்டும். கணக்கில் விழும் குறை, பில் போடும் ஊழியரின் சொற்பச் சம்பளத்தில் பிடிக்கப்படலாம்.

நான்காவது, பகிர்தல். தனக்குப் பயன்படாத கூப்பனை, நிபந்தனை இடமளித்தால், தேவையுள்ளவருக்கு அளிக்கலாம்.

கடைக்காரருக்கும் இக்கடமை உண்டு. விலையை ஏற்றிவிட்டுப் பின் தள்ளுபடி காட்டுவதும், நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிப்பதும் வாக்குத் தவறுதலே. இத்தகைய முறைகேடுகளிலிருந்து வாங்குவோரைக் காக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். கடைக்காரர் ஏமாற்றினார் என்பதற்காகத் தானும் ஏமாற்றுவது தீர்வாகாது.

பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள மனத்தால் நினைப்பதும் தீது என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கடையில் பெற்றோரின் அருகில் நிற்கும் குழந்தை, மிச்சமான பத்து ரூபாயை நாளை மறந்துவிடும். அந்தப் பத்து ரூபாய் எவ்வாறு மிச்சமானது என்பதை அது மறப்பதில்லை.